மட்டையை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தவர்

நம் சந்திப்பு விழாக்களில் முதல் நாள் மாலை பழைய மாணவர் அணிக்கும் இன்றைய மாணவர் அணிக்கும் கிரிக்கெட் மேட்ச் நடக்கும். நாம்தான் தோற்போம், அது மரபு. மறுநாள் வேன் பிடித்து அய்யனார் கோவில் போவதும் மரபு. ஆறாவது மைல் தாண்டி மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டு, ஆற்றில் தண்ணீர் இருந்தால் குளித்துவிட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்ததும் முந்தின நாள் மேட்ச்சை வாயாலேயே இன்னொரு தடவை ஆடுவார்கள். போன தடவை அங்கே கிளம்பிய சண்டை மட்டையைப் பற்றியதல்ல, மைக்கைப் பற்றியது. மைதானத்தில் வர்ணனை செய்த நம் நண்பர் ஒருவர் நான்கு வருட ஹாஸ்டல் வாழ்க்கையில் ஒரு நாள்கூட மட்டையைத் தொட்டவரல்ல. ஆடத் தெரியாதவருக்கு எதற்கு மைக் என்று ஒரு கோஷ்டி. ஆடுகிறவனுக்குப் பேச வராது, பேசுகிறவனுக்கு ஆட வராது, இதுதான் இயற்கை என்று இன்னொரு கோஷ்டி.

இரண்டாவது கோஷ்டிக்குத் தமிழில் நல்ல சாட்சிகள் உண்டு. சேப்பாக்கம் டெஸ்ட்டுகளை நம் அப்பாக்கள் வானொலியில் கேட்ட காலத்தில் தமிழ் வர்ணனை என்றாலே நினைவுக்கு வந்தவர்கள் கூத்தபிரானும் அப்துல் ஜப்பாரும். இருவருமே நாடகத்தில் பழுத்த குரல்கள். முதல் கோஷ்டிக்கும் சென்னையிலேயே ஆள் இருந்தார். 1954-55ல் சென்னைக்கு முதல் ரஞ்சிக் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன் பாலு அழகணன் பிற்பாடு வர்ணனையாளர் ஆனவர். நான் அன்றைக்கு வேறொரு பெயரைச் சொன்னேன்: விஜய் மெர்ச்சன்ட். ஜூனியர் தம்பிகளில் பாதிப் பேருக்கு அது பதினாறு வயதுக்குட்பட்டோர் கோப்பையின் பெயர். மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இதையே எழுதித் தந்துவிடலாம் என்று தோன்றியது.

மெர்ச்சன்ட் என்பது அவருடைய குடும்பப் பெயரே அல்ல. 1911 அக்டோபர் 12 அன்று பம்பாயில் தாக்கர்ஸே குடும்பத்தில் பிறந்தார். துணி மில் வைத்திருந்த பெரிய குஜராத்திக் குடும்பம். ஹிந்துஸ்தான் மில் அவர்களுடையது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பெயரையும் அப்பாவின் தொழிலையும் கேட்க, பையன் வியாபாரி என்ற அர்த்தத்தில் மெர்ச்சன்ட் என்று சொல்ல, அது பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தாலுகா ஆபீஸில் பெயர் மாறிப்போன கதைகள் நம் பக்கத்திலும் ஏராளம். ஆனால் மாறிப்போன பெயரோடு உலகப் புகழ் அடைந்தவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

சிடன்ஹாம் கல்லூரியில் படிக்கும்போதே கல்லூரி அணிக்குக் கேப்டன். அந்த வயதில் அவர் எடுத்த ஒரு முடிவை இன்றைய மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டும். 1932ல் இந்தியா தன் முதல் டெஸ்ட்டை ஆட இங்கிலாந்து போகிறது. காந்தியும் மற்றத் தலைவர்களும் சிறையில் இருக்கிறார்கள். இந்த நேரத்தில் இங்கிலாந்துக்குப் போய் விளையாட மாட்டோம் என்று பம்பாய் இந்து ஜிம்கானாக்காரர்கள் ஒதுங்கினார்கள். அவர்களில் எல்.பி. ஜெய் ஒருவர், மெர்ச்சன்ட் ஒருவர். இருபது வயசுப் பையனுக்கு இந்தியாவின் முதல் டெஸ்ட் அணியில் ஆட வாய்ப்பு வந்தால் நாம் என்ன செய்திருப்போம்? கேம்பஸ் இன்டர்வியூவையே விட மாட்டோம்.

அவருடைய முதல் டெஸ்ட் 1933 டிசம்பரில் வந்தது, சொந்த ஊரான பம்பாயிலேயே. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் அது. லாலா அமர்நாத் இந்தியாவுக்கான முதல் சதத்தை அடித்ததும் அதில்தான்.

1936 இங்கிலாந்துப் பயணம் தனியாக ஒரு கட்டுரைக்கு உரியது. கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார், சுருக்கமாக விஸ்ஸி. பணத்தாலும் செல்வாக்காலும் கேப்டன் ஆனவர். மூன்று டெஸ்ட்டில் அவர் எடுத்தது மொத்தம் 33 ரன். அமர்நாத்தை டெஸ்ட் தொடங்கும் முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பியவரும் அவரே. மான்செஸ்டரில் இந்தியா 368 ரன் பின்தங்கி இரண்டாவது இன்னிங்ஸைத் தொடங்கியபோது, மெர்ச்சன்ட்டை ரன் அவுட் ஆக்கிவிடு என்று முஷ்டாக் அலிக்கு விஸ்ஸி சொல்லி அனுப்பினார் என்றும், முஷ்டாக் அதை மெர்ச்சன்ட்டிடமே சொல்லிவிட இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆடப் போனார்கள் என்றும் கதை. சிரித்துக்கொண்டே போனவர்கள் முதல் விக்கெட்டுக்கு 203 சேர்த்தார்கள். முஷ்டாக் 112, மெர்ச்சன்ட் 114. தோல்வி தவிர்க்கப்பட்டது. அடுத்த வருடம் விஸ்டன் ஆண்டுமலர் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருவராக மெர்ச்சன்ட்டைத் தேர்ந்தெடுத்தது. நம்ம ஊரில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதும் அதே 1936தான். பம்பாய் மில் முதலாளி வீட்டுப் பிள்ளை மான்செஸ்டரில், அதுவும் துணிக்குப் பேர்போன மான்செஸ்டரில், இங்கிலாந்துக்காரனை நாள் முழுக்க ஓடவிட்டது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அதற்கப்புறம் பத்து வருடம் டெஸ்ட் கிடையாது. உலகப் போர். ஆட்டக்காரனுடைய உடம்பு உச்சத்தில் இருக்கும் இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வரையிலான வயது அப்படியே போயிற்று. அந்த வருடங்களில் அவர் உள்ளூரில் செய்ததைப் பார்த்தால், போனது என்ன என்று தெரியும். 1943 கடைசியில் பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் பென்டாங்குலர் இறுதி ஆட்டம். இந்து அணிக்கு மெர்ச்சன்ட் 250 நாட் அவுட். பதிலுக்கு விஜய் ஹஸாரே, தன் அணியின் 387 ரன்னில் தான் மட்டுமே 309 அடித்தார். சில வாரங்களுக்குள் மகாராஷ்டிரத்துக்கு எதிராக ரஞ்சியில் மெர்ச்சன்ட் 359 நாட் அவுட். ஒருவர் அடித்தால் இன்னொருவர் அதைத் தாண்டுவது என்று இரண்டு விஜய்களும் போட்டி போட்டார்கள். ரஞ்சியில் மெர்ச்சன்ட்டின் சராசரி 98.75. எல்லா முதல்தர ஆட்டங்களையும் சேர்த்தால் 71.64, நிறைய ஆடியவர்களில் அவருக்கு மேலே இருப்பது பிராட்மன் ஒருவர்தான்.

கேப்டன் பதவி மட்டும் கைக்கு வந்து வந்து நழுவியது. 1945-46ல் ஆஸ்திரேலிய சர்வீசஸ் அணி வந்தபோது இந்தியாவுக்கு அவர்தான் கேப்டன். அந்தத் தொடரை இந்தியா வென்றது நம் சென்னையில். ஆனால் அவை அதிகாரபூர்வ டெஸ்ட்டுகள் அல்ல. சில மாதங்கள் கழித்து 1946ல் இங்கிலாந்து போன அணிக்கு மூத்த பட்டோடி நவாப், அதாவது இஃப்திகார் அலி கான், கேப்டன் ஆக்கப்பட்டார். மெர்ச்சன்ட் துணைக் கேப்டன். அவர் முகம் சுளித்தாரோ இல்லையோ, அந்தப் பயணத்தில் 2,385 ரன் குவித்தார். ஓவல் மைதானத்தில் 128 அடித்திருந்தபோது அவர் ரன் அவுட் ஆன விதம் வேடிக்கையானது. டெனிஸ் காம்ப்டன் பந்தைக் கையால் எடுக்க நேரமில்லாமல் காலால் உதைத்து ஸ்டம்பைத் தட்டிவிட்டார். காம்ப்டன் ஆர்சனல் கால்பந்து அணிக்கும் ஆடியவர்! 1947-48 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு மெர்ச்சன்ட்டே கேப்டன் என்று அறிவித்தார்கள். உடம்பு ஒத்துழைக்காமல் விலகினார். கடைசிவரை ஒரு டெஸ்ட்டுக்குக்கூட அவர் கேப்டன் இல்லை.

1951 நவம்பரில் டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். நாற்பது வயது முடிந்து மூன்று வாரம். 154 அடித்தார். ஹஸாரேயுடன் சேர்ந்து 211 ரன் கூட்டு. பிறகு ஃபீல்டிங்கில் பந்துக்குப் பாய்ந்து விழுந்ததில் தோளில் அடிபட்டது. அதோடு முடிந்தது. பதினெட்டு வருடத்தில் பத்தே டெஸ்ட், எல்லாமே இங்கிலாந்துக்கு எதிராக, மூன்று சதம். கடைசி டெஸ்ட்டில் தன் அதிகபட்ச ரன்னை அடித்துவிட்டு விலகியவர்கள் கிரிக்கெட்டில் மிகச் சிலர்.

இனிமேல்தான் என் விஷயம் ஆரம்பம்.

நம் நாட்டில் வானொலி வர்ணனை அப்போது இளசு. 1934ல் பம்பாயில் பாபி தல்யார்கான் என்கிற ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் அதைத் தொடங்கிவைத்தார். நாள் முழுவதும் ஒரே ஆளாக மூச்சுவிடாமல் பேசுவார். பக்கத்தில் இன்னொருவருக்கு மைக்கில் இடம் கொடுக்கச் சொன்னபோது வேண்டாம் என்று விலகிப் போனவர். பேச்சுத் திறமை ஒன்றாலேயே கூட்டத்தைக் கட்டிப்போட்ட ஆள். பிறகு பழைய ஆட்டக்காரர்கள் மைக் முன்னால் வரத் தொடங்கினார்கள். நம் விஸ்ஸியும் வந்தார். 1959ல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது பி.பி.சி. அவரை விருந்தினர் வர்ணனையாளராகவும் வைத்தது. அவர் வர்ணனையைப் பற்றி ஒரு கிண்டல் நிலைத்துவிட்டது. தான் புலி வேட்டையாடிய பெருமையை அவர் அளந்துகொண்டிருந்தபோது, வெஸ்ட் இண்டீஸின் ரோஹன் கன்ஹாய், உங்கள் வர்ணனையை டிரான்சிஸ்டரில் போட்டுக் காட்டில் விட்டாலே புலிகள் அலுத்துச் செத்துவிடுமே என்று கேட்டாராம். நடந்ததோ இல்லையோ, இந்தியக் கேப்டனாக இருந்தது மைக் முன்னால் ஒன்றுக்கும் உதவாது என்பதற்கு விஸ்ஸி ஒரு சான்று. அய்யனார் கோவிலில் முதல் கோஷ்டி இதற்கு என்ன பதில் சொல்லும்?

அதே 1936 அணியிலிருந்து அதே மைக்குக்கு வந்தவர்தான் மெர்ச்சன்ட்டும். அகில இந்திய வானொலியில் டெஸ்ட் வர்ணனைகளில் பேசினார். பிறகு விவித் பாரதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பெயரிலேயே ஒரு கிரிக்கெட் நிகழ்ச்சி வந்தது. ஆட்டக்காரர்களை அழைத்துவந்து பேசவைத்தார். கிரிக்கெட் வெறியர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டார்கள். டெலிவிஷன் இல்லாத காலம். வர்ணனையாளர் சொன்னால்தான் நடந்தது, சொல்லாவிட்டால் நடக்கவில்லை.

அவர் வர்ணனையில் பலர் நினைவில் தங்கிய ஒரு தருணம் கிரிக்கெட்டே அல்ல. 1960 ஜனவரி, பிரபோர்ன் மைதானம், ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட். ஹைதராபாத்தின் அப்பாஸ் அலி பெய்க், வயது இருபது, பார்ப்பதற்குச் சினிமாக் கதாநாயகன் போல இருப்பார். ஐம்பது அடித்துவிட்டுத் தேநீருக்காக நடந்துவருகையில் பார்வையாளர் பகுதியிலிருந்து ஓர் இளம்பெண் ஓடிவந்து கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். 1960ல், நடு மைதானத்தில்! ஆயிரக்கணக்கானவர்கள் வாய் பிளந்து நிற்க, மைக்கில் இருந்தவர் மெர்ச்சன்ட். தான் நூறும் இருநூறுமாக அடித்துக்கொண்டிருந்த நாட்களில் இந்தத் துணிச்சல்காரப் பெண்கள் எல்லாம் எங்கே போயிருந்தார்களோ என்று அலுத்துக்கொண்டார். நாடே சிரித்தது. இந்த முத்தம் 1995ல் வெளியான சல்மான் ருஷ்டியின் நாவல் ஒன்றில் ஓவியமாகவே இடம்பிடித்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள், அந்த நகைச்சுவையை வேறு யார் சொன்னாலும் அது எடுபட்டிருக்காது. தல்யார்கான் சொல்ல முடியாது. அவர் நூறு அடித்தவரல்ல. அதே பிரபோர்னில் 250ம் 359ம் அடித்த மனிதர் சொன்னதால்தான் அதற்கு உயிர். ஆடியவனுக்கு மைக்கில் கிடைக்கும் அனுகூலம் இதுதான் என்பது என் கட்சி: எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு கணக்கு நிற்கும். அந்தக் கணக்கை அடிக்கடி எடுத்துக் காட்டினால் விஸ்ஸி ஆகிவிடுவோம். வேண்டிய இடத்தில் ஒரு தடவை எடுத்தால் மெர்ச்சன்ட்.

இந்த மாதிரி ஆட்கள் உலகத்தில் அங்கங்கே உண்டு. ஸ்காட்லாந்தில் பில் மெக்லாரன் என்று ஒரு ரக்பி ஆட்டக்காரர் இருந்தார். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம் ரக்பி. உலகப் போரில் இத்தாலியில் சண்டை போட்டுவிட்டு வந்து, 1947ல் தேசிய அணித் தேர்வு ஆட்டம் வரை போனவரை மறுவருடம் காசநோய் தள்ளிப்போட்டது. புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துதான் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அந்த மாதங்களில் நோயாளிகள் ஆடிய டேபிள் டென்னிஸை ஆஸ்பத்திரி ரேடியோவில் வர்ணிக்கத் தொடங்கினார். 1953ல் பி.பி.சி.க்குப் போனவர் 2002 வரை ரக்பியின் குரலாகவே இருந்தார். 1987 வரை சொந்த ஊர்ப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலையையும் விடவில்லை. அவருக்கு நுரையீரல், இவருக்குத் தோள்பட்டை. ஆனால் மெக்லாரன் அரை நூற்றாண்டு மைக்கோடு இருந்தார். மெர்ச்சன்ட் மைக்கோடு மட்டும் நிற்கவில்லை.

1970களில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார் என்று அப்பா சொல்வார். நடுவயதில் இரண்டு கண்ணும் போனவர். டெஸ்ட் நடக்கும் ஐந்து நாளும் திண்ணையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. எண்களும் ஆட்டக்காரர் பெயர்களும் புரியும், கூட்டத்தின் இரைச்சல் புரியும். மடியில் ஒரு கொட்டாங்கச்சி நிறையப் புளியங்கொட்டை. ஒரு ரன்னுக்கு ஒன்று என்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றுவார்; விக்கெட் விழுந்தால் ஒரு கூழாங்கல். மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் ஸ்கோர் கேட்டுப் போவார்களாம். கண் தெரிந்தவர்கள் அவரைப் பார்த்து ஆட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

வானொலி வர்ணனை என்பது அடிப்படையில் பார்வையில்லாதவர்களுக்கான கலை. கேட்கிற அத்தனை பேரும் அந்த நேரத்துக்குக் குருடர்கள்தானே. மெர்ச்சன்ட் இதை நினைத்துத்தான் அடுத்த வேலையில் இறங்கினார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இறங்கினார். 1952ல் பம்பாயில் தொடங்கப்பட்ட தேசியப் பார்வையற்றோர் சங்கத்தில் முக்கியப் பொறுப்புகளை ஏற்று நீண்ட காலம் உழைத்தார். மேடையில் மாலை வாங்கிக்கொண்டு போகிற வகைச் சேவையல்ல. கண் தெரியாதவர்களையும் கை கால் ஊனமுற்றவர்களையும் தன் மில்லிலேயே வேலைக்கு எடுத்தார். மற்ற முதலாளிகளிடமும் எடுக்கச் சொல்லிக் கேட்டார். தன் கிரிக்கெட் புகழை அவர் காசாக்கியது இதற்காகத்தான்.

நூற்பாலைப் பராமரிப்பில் பன்னிரண்டு வருடமாக இருப்பவன் என்ற முறையில் இதன் கனம் எனக்குத் தெரியும். மில் மெஷின் யாருக்கும் இரக்கம் காட்டாது. பெல்ட்டும் பல்சக்கரமும் ஓடுகிற இடத்தில் கண் தெரியாத ஆளை வைப்பதா என்று எந்த மேனேஜரும் முதலில் தலையாட்டுவார். ஆனால் மில் என்றால் ரிங் ஃப்ரேம் மட்டுமில்லை. கோன்களைப் பெட்டியில் அடுக்குவது, பை மடிப்பது, எண்ணிக் கட்டுவது என்று விரலுக்கு மட்டுமே வேலையுள்ள இடங்கள் எத்தனையோ. காது கேளாதவர் விஷயம் இன்னும் சுலபம். ரிங் ஃப்ரேம் ஓடும் ஷெட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் கைச்சாடையில்தான் பேசுகிறோம். அந்தச் சாடையில் நம்மைவிடக் கைதேர்ந்த ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவராக இருந்தால் மில்லுக்கு என்ன நஷ்டம்? இதைப் புரிந்துகொள்ள முதலாளிக்கு மனசும் வேண்டும், ஷெட்டுக்குள் நடந்த பழக்கமும் வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற, மடிக்கிற இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும். இதைப் படிக்கும் நம் பழைய மாணவர்களில் யூனிட் நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். கோன் பேக்கிங்கில் எத்தனை பேர் தேவை என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் மழுப்பாமல் எழுத வேண்டும். 1960களின் கடைசியில் மெர்ச்சன்ட் இந்திய அணித் தேர்வுக் குழுவின் தலைவர் ஆனார். இளைஞர்களைக் கொண்டுவர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1969ல் குண்டப்பா விஸ்வநாத் கான்பூரில் முதல் டெஸ்ட்டிலேயே 137 அடித்தது அந்தப் பிடிவாதத்தின் பலன்களில் ஒன்று. 1971ல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்துக்குக் கேப்டனைத் தேர்ந்தெடுக்கும்போது குழுவில் ஓட்டுகள் சமமாக விழுந்தன. தலைவர் என்ற முறையில் மெர்ச்சன்ட் தன் தீர்மான ஓட்டைப் போட்டு, அதுவரை கேப்டனாக இருந்த இளைய பட்டோடியை நீக்கி பம்பாயின் அஜித் வடேகரைக் கேப்டன் ஆக்கினார். 1946ல் அப்பா தன்னைத் தாண்டிக் கேப்டன் ஆனதற்கு மகனிடம் பழி தீர்த்தார் என்று பேச்சு கிளம்பியது. இன்றுவரை அது அடங்கவில்லை.

இதில் எனக்கே ஒரு நெருடல் உண்டு. இளைய பட்டோடி 1961ல் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தவர். ஒற்றைக் கண்ணோடு டெஸ்ட் ஆடி, இருபத்தொரு வயதில் கேப்டன் ஆகி, இந்திய அணிக்கு முதுகெலும்பு கொடுத்தவர். பார்வையற்றவர்களுக்காக ஊரெல்லாம் அலைந்த மனிதர், பார்வைக் குறையோடு சாதித்த கேப்டனைத் தன் ஒரு ஓட்டால் இறக்கினார். முடிவு சரியா என்று கேட்டால், பலன் அவர் பக்கம். வடேகரின் அணி 1971ல் வெஸ்ட் இண்டீஸையும் இங்கிலாந்தையும் அவரவர் மண்ணிலேயே தோற்கடித்தது. நம் வெங்கட்ராகவன் வெஸ்ட் இண்டீஸில் துணைக் கேப்டன். சுனில் கவாஸ்கர் என்ற இருபத்தொரு வயதுப் பையன் அங்கே 774 ரன் அடித்தார். பழைய கசப்பு அந்த ஓட்டில் இருந்ததா? பலன் நல்லதாக வந்ததை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: விமர்சனம் எத்தனை வந்தாலும் தான் போட்ட ஓட்டு தன்னுடையதுதான் என்பதை அவர் மறைக்கவில்லை, குழு முடிவு என்ற பெயருக்குப் பின்னால் ஒளியவும் இல்லை. ஆபீஸ்களில் எத்தனை மீட்டிங்கில் இதற்கு நேர்மாறாகப் பார்க்கிறோம்!

வர்ணனையாளர் மெர்ச்சன்ட் ஆட்டக்காரர்களை மைக்கில் கண்டிக்கவும் தயங்கவில்லை, தேர்வாளர் மெர்ச்சன்ட் ஆட்டக்காரர்களை நீக்கவும் தயங்கவில்லை. அந்த இரண்டு நாற்காலியிலும் ஒரே மனிதர் உட்கார்ந்தது இன்றைக்கு நடக்காது, விதிகள் விடாது. விடாததும் நல்லதற்குத்தான் என்பேன்.

1987ல் முதன்முறையாக உலகக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தை விட்டு வெளியே வந்து இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்தது. அந்தப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, அக்டோபர் 27 அன்று, பம்பாயில் மாரடைப்பால் மெர்ச்சன்ட் காலமானார். வயது 76. நான்கு நாள் கழித்து நாக்பூரில் கவாஸ்கர் தன் ஒரே ஒருநாள் போட்டிச் சதத்தை அடித்தார். அடுத்த வாரம், நவம்பர் 5 அன்று, வான்கடே மைதானத்தில் இங்கிலாந்துடன் அரையிறுதி. கவாஸ்கர் 4 ரன்னில் பவுல்டு ஆனார். அதுவே அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம். அந்த வான்கடேயில் இன்றைக்கு மெர்ச்சன்ட் பெயரில் ஒரு பெவிலியன் இருக்கிறது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான அகில இந்தியப் போட்டிக்கும் அவர் பெயர்தான். தமிழ்நாட்டு அணியும் அதில் வருடாவருடம் ஆடுகிறது.